தெரியாமல் செய்தாலும் தண்டனை உண்டா?

"இப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாதே, சார்!"

நமது சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடக்கும் சட்ட ஆலோசனை நேரத்தில் நான் அதிகம் கேட்டிருக்கும் வாக்கியம் இதுதான். சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையையே சொல்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் முப்பது ஆண்டுகளாக இட்லிக் கடை நடத்துபவருக்கு மராட்டியில் வரும் அரசு உத்தரவுகள் எங்கே தெரியப்போகின்றன? கணவர் விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்ட அம்மாவுக்கு, தாம் ஒரு கம்பெனியின் டைரக்டர் என்பதே சம்மன் வந்த அன்றுதான் தெரிந்திருக்கும்.

இவர்களுக்கு வக்கீல்கள் சொல்லும் பதில் ஒரே வரி: சட்டம் தெரியாது என்பது தற்காப்பு ஆகாது. இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு மனம் ஒடிந்து போகிறவர்களும் உண்டு, "தெரியாமல் செய்தது எப்படிக் குற்றமாகும்?" என்று சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு. ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் 31 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். "எல்லாருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும் என்று சட்டம் கருதுகிறது" என்று பலர் சொல்வார்கள். படித்தவர்களே சொல்வார்கள். அப்படி ஒரு கோட்பாடே கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி தெளிவாகக் கூறியிருக்கிறார். கான்பூரில் வனஸ்பதி ஆலை தொடங்கிய ஒரு நிறுவனத்துக்கும் உத்தரப் பிரதேச அரசுக்கும் இடையே விற்பனை வரி பற்றி எழுந்த வழக்கு அது. 1979-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. ஒருவருக்கு எல்லாச் சட்டமும் தெரிந்திருக்க முடியாது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். நீதிபதிகளுக்கே சட்டம் தவறிப் போவதால்தானே மேல்முறையீடு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்! தெரியவில்லை என்றால் அதனால் வரும் நஷ்டம் உங்களுடையது என்பது மட்டுமே சட்டத்தின் நிலை.

இந்த நிலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு நம் மும்பையிலேயே நடந்த ஒரு வழக்கு உண்டு. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் படிக்கும் வழக்கு. புத்தகங்களில் மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் வழக்கு என்று பெயர்.

1962 நவம்பர் 27 அன்று சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரிலிருந்து மணிலாவுக்குப் புறப்பட்ட ஸ்விஸ் ஏர் விமானம் மறுநாள் சாந்தாகுரூஸில் இறங்கியது. வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அந்த ஜெர்மானியர் விமானத்தை விட்டு இறங்கவே இல்லை. தம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். சுங்க அதிகாரிகள் விமானத்தின் சரக்குப் பட்டியலைப் பார்த்தார்கள். அதில் தங்கம் என்று எதுவும் எழுதப்படவில்லை. உள்ளே ஏறி அவரைச் சோதித்தார்கள். அணிந்திருந்த ஜாக்கெட்டில் 28 பைகள். அவற்றில் 19 பைகளில் தங்கக் கட்டிகள். மொத்தம் சுமார் 34 கிலோ! (அந்த எடையைச் சுமந்துகொண்டு ஜூரிச்சிலிருந்து எப்படி உட்கார்ந்து வந்தார் என்று நான் பல முறை வியந்ததுண்டு.)

இனிதான் விஷயம் வருகிறது. இந்தியாவைத் தாண்டி வேறு நாட்டுக்குப் போகும் தங்கம் வழியில் இங்கே இறங்கி ஏறினால் குற்றமில்லை என்று ரிசர்வ் வங்கி 1948-லேயே பொது அனுமதி கொடுத்திருந்தது. 1962 நவம்பர் 8-ஆம் தேதியிட்ட புதிய அறிவிக்கை அதை மாற்றியது. அப்படிப் போகும் தங்கம் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்த்தது. அது கெஜட்டில் வெளியானது நவம்பர் 24. அவர் கிளம்பியது 27. இடையில் மூன்றே நாள்! 24-ஆம் தேதி தில்லியில் அச்சான கெஜட் அந்த வாரத்துக்குள் நம் மாதுங்காவுக்கு வந்து சேர்ந்திருக்குமா என்பதே சந்தேகம். ஜூரிச்சில் யார் படித்திருப்பார்கள்?

மும்பை மாஜிஸ்திரேட் தண்டித்தார். உயர் நீதிமன்றம், தெரியாமல் செய்தவரிடம் குற்ற மனம் இல்லை என்று விடுவித்தது. மகாராஷ்டிர அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே மூன்று நீதிபதிகள். இருவர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் என். ராஜகோபால அய்யங்கார். மாறுபட்டு எழுதியவர் கே. சுப்பாராவ். இருவருமே முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக இருந்தவர்கள் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். வழக்கு மும்பையுடையது என்றாலும் வாதம் நம் பக்கத்து மேதைகளுடையது.

அய்யங்கார் சொன்னதன் சாரம் இது. நாட்டின் அந்நியச் செலாவணியைக் காக்க வந்த சட்டம் இது. தங்கம் கடத்துபவன் "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் விட்டுவிட வேண்டும் என்றால் சட்டமே பயனற்றுப் போகும். இங்கே எப்படி வெளியிட வேண்டுமோ அப்படி வெளியிட்டாயிற்று. உலகத்தில் உள்ள ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொல்ல வேண்டும் என்ற கடமை இல்லை. சுப்பாராவ் சொன்னது வேறு. குற்ற மனம் வேண்டாம் என்று சட்டம் வெளிப்படையாகவோ தவிர்க்க முடியாத உட்பொருளாகவோ சொன்னால் ஒழிய, அது வேண்டும் என்றே கொள்ள வேண்டும். தெரிய வழியே இல்லாத ஒருவரைச் சிறையில் வைப்பதால் செலாவணி காப்பாற்றப்பட்டுவிடாது. 1964-இல் தீர்ப்பு வந்தது. அந்த ஜெர்மானியர் குற்றவாளியே என்று முடிவாயிற்று. ஆனால் அதுவரை சிறையில் இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள்.

என் கட்சியைக் கேட்டால் நான் சுப்பாராவ் கட்சிதான். 34 கிலோ தங்கத்தை ஒளித்துக்கொண்டு போனவர் ஒன்றும் அப்பாவி அல்லர், அது வேறு. ஆனால் அவருக்காக வகுத்த விதி, இட்லிக் கடைக்காரருக்கும் அல்லவா பொருந்திவிடுகிறது!

இருந்தாலும் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். தெரியாது என்பது சாக்காக ஏற்கப்பட்டால், சட்டத்தைத் தெரிந்துகொண்டவனுக்குத் தண்டனை, தெரிந்துகொள்ளாமலே இருந்தவனுக்கு விடுதலை என்றாகிவிடும். பிறகு யார் தெரிந்துகொள்வார்கள்? ஒருவருக்கு உண்மையிலேயே தெரிந்ததா இல்லையா என்பதை எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பது?

ஆனால் இந்த விதி ஒருவழிப் பாதை இல்லை. குடிமகன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அரசு தெரியப்படுத்தியிருக்க வேண்டும். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923 டிசம்பரில், மகாராஜா சிறுவராக இருந்தபோது, ஆட்சியை நடத்திய மந்திரி சபை அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. நிறைவேற்றியதோடு சரி. கெஜட்டில் போடவில்லை, தண்டோரா போடவில்லை, எங்கும் ஒட்டவில்லை. பல ஆண்டுகள் கழித்து அபினி வைத்திருந்ததாக ஒருவருக்கு அந்தச் சட்டத்தின்கீழ் 50 ரூபாய் அபராதம் விதித்தார்கள். ஐம்பது ரூபாய்தானே என்று அவர் கட்டிவிட்டுப் போகவில்லை. உச்ச நீதிமன்றம் வரை வந்தார். 1951-இல் நீதிபதி விவியன் போஸ் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். மூடிய அறைக்குள் செய்துகொண்ட தீர்மானத்தை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, பிறகு அதை மீறினாய் என்று ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கே விரோதம் என்பது தீர்ப்பின் கருத்து. ஹர்லா வழக்கு என்ற பெயரில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 50 ரூபாய்க்காகப் போராடிய அந்த மனிதருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

சட்டம் தெரியாததும், சங்கதி தெரியாததும் வேறு வேறு என்பது அடுத்த விஷயம். இங்கேதான் நம்மவர்கள் பலர் குழம்புகிறார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 76, 79 ஆகிய பிரிவுகள்; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 14, 17. நடந்த சங்கதியைத் தவறாகப் புரிந்துகொண்டு, தாம் செய்வது சட்டப்படி சரியே என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்தால் குற்றமில்லை. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு செய்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ரயிலில் உங்கள் பெட்டி என்று நினைத்து அடுத்தவர் பெட்டியை எடுத்து வந்தால் அது திருட்டு ஆகாது. கேட்பாரற்றுக் கிடந்த பெட்டியை எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது என்று நினைத்து எடுத்து வந்தால் அந்த நினைப்பு உங்களைக் காப்பாற்றாது.

"நல்லெண்ணம்" என்ற சொல்லுக்கும் சட்டத்தில் தனிப் பொருள் உண்டு. மனம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது. சிலப்பதிகாரப் பாண்டியனை இந்தப் பிரிவில் நிறுத்திப் பாருங்கள். திருடனுக்கு என்ன தண்டனை என்பது அவனுக்குத் தெரியும். சட்டத்தில் பிழை இல்லை. கோவலன் கையில் இருந்தது யாருடைய சிலம்பு என்பதே அவனுக்குத் தெரியாது, சங்கதியில்தான் பிழை. அப்படியானால் 79-ஆம் பிரிவு அவனைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமலே ஆணையிட்டதால் உரிய கவனம் இல்லை என்றாகிவிடுகிறது. பாண்டியனுக்காக வாதாட எந்த வக்கீலுக்கும் வழி இல்லை, அவனும் வாதாடவில்லை.

இதற்கு நேர்மாறாக, கவனத்தோடு நடந்துகொண்டதால் தப்பித்த ஒருவரும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் தார் என்ற ஊரில் ஒரு தானிய வியாபாரி. லைசென்ஸ் கேட்டு மனுப் போட்டு, கட்டணமும் கட்டியிருந்தார். லைசென்ஸ் வந்துவிடும் என்று நம்பிக் கோதுமை வாங்கி அடுக்கினார். கணக்குகளையும் ஒழுங்காக அனுப்பிவந்தார். லைசென்ஸ் இல்லாமல் இருப்பு வைத்ததாக வழக்கு. 1965-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த அமர்வில் இருந்தவர் அதே சுப்பாராவ்! ஜெர்மானியர் வழக்கில் சிறுபான்மையாக இருந்தவர், ஒரே ஆண்டில் இந்த வழக்கில் தம் கட்சியை நிலைநாட்டிவிட்டார். அரசு சும்மா இருக்குமா? 1967-இல் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தையே திருத்தி, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் குற்றமே என்று எழுதிவிட்டார்கள். 1974-இல் மறுபடி மாற்றினார்கள்: குற்ற மனம் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று.

"நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்" என்ற இந்த ஏற்பாடு இப்போது எங்கே பார்த்தாலும் இருக்கிறது. நம் வீட்டு விஷயங்களுக்கு வரும்போது முக்கியமாக இதைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்.

வண்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வண்டியால் வருபவர்கள். செம்பூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் பதினோரு ஆண்டுகளுக்கு முன் தம் ஸ்கூட்டரைப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு விற்றார். வெள்ளைத் தாளில் ரசீது எழுதி, ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்து, 29, 30 எண் படிவங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். "பெயர் மாற்றுவது உங்கள் பொறுப்பு" என்றும் சொல்லிவிட்டார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, இன்னொருவருக்கு விற்றார். அவர் இன்னொருவருக்கு. கடைசியாக அதை ஓட்டிய பையன் கல்யாணில் ஒரு பெரியவர் மேல் மோதினான். அவருக்கு இடுப்பெலும்பு போய்விட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் செம்பூர் அன்பருக்கு வந்தது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. பழைய ரசீதின் நகல் கிடைக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் வைப்புத் தொகையில் கை வைக்க வேண்டி வருமோ என்று அவர் இரவில் தூங்குவதில்லை.

அவர் செய்தது என்ன பாவம் என்று கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் "உரிமையாளர்" என்றால் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். கைமாறிக் கைமாறிப் போன ஒரு கார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அடிபட்டவன் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு ஓட முடியாது என்பதுதான் அதற்குக் காரணம். அந்தப் பெரியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயமாகவும் இருக்கிறது. விற்றவர் அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள், வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கியவர் 30 நாள்களுக்குள். ஆக, "பெயர் மாற்றுவது உங்கள் பொறுப்பு" என்று வாயால் சொல்வது எதற்கும் உதவாது. ஊரிலிருந்து டி.என். எண்ணோடு வண்டியைக் கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இந்த மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும்.

அடுத்தது பிள்ளைகள். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள 199-ஏ பிரிவைப் பெற்றோர்கள் எல்லாரும் படித்து வைப்பது நல்லது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துவிட்டான்" என்பது இங்கே ஏற்கத்தக்க தற்காப்புதான், சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்பதையோ, தடுக்க வேண்டிய அளவுக்குத் தடுத்தீர்கள் என்பதையோ நீங்கள் நிரூபிக்க வேண்டும். சாவி ஹாலில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் எதை நிரூபிப்பீர்கள்?

தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இன்னொன்று. மனைவி பெயரிலோ வயதான தாயார் பெயரிலோ கம்பெனி தொடங்குவது நம்மவர்களிடம் சகஜம். கம்பெனி கொடுத்த செக் பணமின்றித் திரும்பினால், கம்பெனியோடு அதன் அன்றாடப் பொறுப்பில் இருந்தவர்களும் குற்றவாளிகள். வெறும் டைரக்டர் என்பதாலேயே ஒருவரை இதில் இழுக்க முடியாது. அவர் நிர்வாகத்தில் பொறுப்பாக இருந்தார் என்று புகாரிலேயே குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டோடு இருக்கும் அம்மாக்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அதே தீர்ப்பு, நிர்வாக இயக்குநருக்கும் செக்கில் கையெழுத்திட்டவருக்கும் இந்த ஆறுதல் இல்லை என்கிறது. வெற்றுச் செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம்.

வாடகைக்கு விடுபவர்களின் கவலை வேறு மாதிரியானது. மும்பை, தில்லி போன்ற நகரங்களில் வீட்டு உரிமையாளர்கள் குடியிருப்பவர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவ்வப்போது உத்தரவு போடுவார்கள். மீறினால் பழைய 188, இப்போது 223-ஆம் பிரிவு. இந்தப் பிரிவில் ஒரு விசேஷம்: உத்தரவு இருப்பது தெரிந்தே மீறியிருக்க வேண்டும் என்று பிரிவின் வாசகமே கேட்கிறது. சட்டம் தெரியாது என்பது செல்லாத நாட்டில், உத்தரவு தெரியாது என்பது இந்த ஓர் இடத்தில் செல்லும்! ஆனாலும் இதை நம்பிப் படிவம் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஏஜெண்டு சொன்னாரா, சொசைட்டி பலகையில் ஒட்டினார்களா, ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்து, தெரியும் என்று நிரூபிப்பது போலீசுக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

மொழி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் கஷ்டத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. உத்தரவு மராட்டியில் இருந்தது, எனக்கு மராட்டி படிக்க வராது என்பது சட்டத்தின் முன் தற்காப்பு ஆகாது. மத்தியச் சட்டங்களுக்காவது 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி தமிழிலும் அதிகாரப்பூர்வமான மொழிபெயர்ப்பு வெளியிட வழி இருக்கிறது. மாநில அரசின் உத்தரவுகளுக்கு அப்படி இல்லை. ஆனால் ஒருவருடைய சுதந்திரமே பறிபோகிற இடத்தில் நீதிமன்றம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. ஜெர்மானியர் பிடிபட்ட அதே 1962-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்திலிருந்தே ஒரு தடுப்புக் காவல் வழக்கு வந்தது. காவலுக்கான காரணங்களை அதிகாரிகள் ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் கொடுங்கள் என்று அவர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம், ஒருவருக்குப் புரியும் மொழியில் கொடுக்காதது கொடுத்ததாகவே ஆகாது என்று அவரை விடுதலை செய்தது. குற்ற வழக்கு விசாரணையிலும் சாட்சியம் உங்களுக்குத் தெரியாத மொழியில் நடந்தால், தெரிந்த மொழியில் நீதிமன்றத்திலேயே விளக்கிச் சொல்லக் கேட்கலாம். நம்மவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பதில்லை. எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னார்கள்?" என்று வக்கீலின் குமாஸ்தாவைக் கேட்கிறார்கள்.

கடைசியாக, கோடை விடுமுறை. ஏப்ரல், மே மாதங்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். அந்தச் சமயத்தில்தான் பதிவுத் தபால் வரும். "வீடு பூட்டியிருக்கிறது" என்று எழுதித் திருப்பி அனுப்புவார் தபால்காரர். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் அது உங்களுக்குச் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கண்ணால் பார்க்காத கடிதத்துக்கும் நீங்கள் பொறுப்பு. செக் வழக்குகளில் மட்டும் 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நோட்டீஸ் உண்மையிலேயே கிடைக்கவில்லை என்பவர், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாள்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டு, புகாரைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். கட்டாமல், நோட்டீஸ் வரவில்லை என்று மட்டும் வாதாட முடியாது.

ஆகவே ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுப்பது போல, தபாலுக்கும் ஒருவரைச் சொல்லி வையுங்கள். வீடு மாறியவர்கள் வங்கி, ஆர்.டி.ஓ., வருமான வரி மூன்றிலும் முகவரியை மாற்றிவிடுங்கள்; வண்டிப் பதிவில் முகவரி மாற்ற 30 நாள்தான் கெடு. புரியாத மொழியில் எந்தக் காகிதம் வந்தாலும் ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மராட்டி நன்றாகப் படிக்கும் இளைஞர்கள் இருவர் என்னோடு உட்காருகிறார்கள். காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட எங்களுக்கு அந்த முத்திரைத் தேதி வேண்டும்.